பொதுப்பணியின் மூன்று வாயில்கள்: கல்வி, சட்டம், அரசியல்

முன்னுரை

நாட்டுக்கும் மக்களுக்கும் தொண்டாற்ற விழைவோர்க்குக் கல்வி, சட்டம், அரசியல் என்னும் மூன்று துறைகளும் மூன்று வாயில்களாக அமைந்துள்ளன. ஆசிரியர் அறிவைப் பரப்புகிறார். வழக்கறிஞரும் நீதிபதியும் உரிமையைக் காக்கின்றனர். அரசியலார் சட்டம் இயற்றி ஆட்சி நடத்துகின்றனர். இவை தனித்தனித் துறைகளாகத் தோன்றினும், பொதுவாழ்வில் சிறந்தோர் பலரின் வரலாற்றை நோக்குங்கால், ஒரு வாயிலில் நுழைந்தோர் மற்றொரு துறையில் பெரும்பணி ஆற்றியதைக் காண்கிறோம். வள்ளுவப் பெருந்தகையும் பொருட்பாலில் இறைமாட்சிக்கு அடுத்த அதிகாரமாகக் கல்வியையே வைத்துள்ளார். ஆள்வோர்க்கு முதலில் வேண்டுவது கல்வியே என்பது இதனால் பெறப்படும்.

காரைக்கால் பகுதியின் இல்லங்களில் பிள்ளைகளின் எதிர்காலம் குறித்துப் பேச்செழும்போது வளைகுடா நாடுகளும் பிரான்சும் சிங்கப்பூரும் முதலில் நினைவுக்கு வருகின்றன. அரசுப் பணி, நீதித்துறை, ஆட்சிமன்றம் என்று சொன்னால், "அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்ற வினா உடனே எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யார் யார் சென்றனர், எவ்வழியே சென்றனர், அவ்வழியில் எதனை எதிர்கொண்டனர் என்பவற்றை முறையே காண்போம்.

பிரெஞ்சுக் காலத்துப் பாதை

காரைக்கால் 1739-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அதன்பின் இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறினும், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியே இங்கு நிலவியது. அண்டையிலுள்ள நாகூரும் நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும் ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தபோது, காரைக்கால் மக்கள் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தனர். ஒரே மொழி பேசி, ஒரே ஆற்று நீரைப் பருகி, தம்முள் மணவுறவு கொண்ட மக்கள், எல்லைக்கோட்டின் இருபுறத்தும் இருவேறு நீதிமன்றங்களை நாடினர்.

அக்காலத்தே பொதுப்பணிக்குரிய படிக்கட்டு பிரெஞ்சு மொழியாக இருந்தது. புதுச்சேரியில் 1838-இலேயே சட்டப்பள்ளி ஒன்று தோன்றியது. 1871 முதல் பிரெஞ்சிந்தியாவின் சார்பில் பாரிசு நாடாளுமன்றத்திற்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1881-ஆம் ஆண்டின் ஆணை, தம் சமயம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்புவோர்க்கு வழிவகுத்தது. அவ்வாறு ஏற்றோரை 'ரெனோன்சான்' என்பர். அவர்களுள் பலர் சைகோன் முதலிய இந்தோசீன நகரங்களில் பிரெஞ்சு அரசின் கீழ் எழுத்தராகவும் சுங்க அலுவலராகவும் பணிபுரிந்தனர். காரைக்கால் மரைக்காயர்களோ பெரும்பாலும் வணிகராக அங்குச் சென்றனர்.

இப்பாதை 1954-இல் இரு முனைகளிலும் ஒருங்கே அடைபட்டது. அவ்வாண்டு ஜூலையில் ஜெனீவா உடன்படிக்கையால் இந்தோசீனத்தில் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது. அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்ததைத் தொடர்ந்து, நவம்பர் 1-இல் புதுச்சேரியும் காரைக்காலும் இந்தியாவுடன் இணைந்தன. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவுற்றது. அவ்வாண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் இங்கும் விரிந்தது. 1963-இல் சட்டமன்றம் அமைந்தது. பழைய படிக்கட்டில் பாதி ஏறி நின்ற தலைமுறை, புதிய படிக்கட்டில் முதற்படியிலிருந்து ஏற வேண்டியதாயிற்று.

இம்மாற்றத்தை வென்றவர்க்குச் சான்றாகப் புதுச்சேரியைச் சேர்ந்த நீதியரசர் டேவிட் அன்னுசாமியைக் கூறலாம். பிரெஞ்சுச் சட்டத்திலும் இந்தியச் சட்டத்திலும் புலமை பெற்ற அவர், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தார். இந்தியாவில் பிரெஞ்சுச் சட்டம் நிலவிய வரலாற்றை ஆராய்ந்து நூல்களும் எழுதினார். ரெனோன்சான் குடும்பங்களுக்கு இன்றும் பிரெஞ்சுக் குடிமைச் சட்டமே தனிச்சட்டமாக விளங்குவதால், அப்புலமை ஏட்டோடு நின்றுவிடாமல் வழக்குமன்றத்திலும் பயன்பட்டது.

தேர்தல் வழியே: எம்.ஓ.எச். பாரூக்

புதிய படிக்கட்டில் விரைந்து ஏறியவருள் முதலில் எண்ணத்தக்கவர் காரைக்கால் ஈன்ற எம்.ஓ.எச். பாரூக் மரைக்காயர் ஆவார். 1937 செப்டம்பர் 6-இல் பிறந்த இவர், மாணவப் பருவத்திலேயே புதுச்சேரி விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். 1964-இல் சட்டமன்ற உறுப்பினராகி, அம்மன்றத்தின் தலைவராகவும் அமர்ந்தார். 1967 ஏப்ரலில் முதலமைச்சரானபோது இவருக்கு வயது 29. அதுகாறும் இந்தியாவில் அத்துணை இளம் வயதில் எவரும் அப்பதவியை ஏற்றதில்லை.

ஆயினும் அப்பதவி ஓராண்டும் நீடிக்கவில்லை. 1968 மார்ச்சில் முடிவுற்றது. அடுத்த ஆண்டே திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் மீண்டும் முதலமைச்சராகி, 1974 சனவரி வரை ஆட்சி நடத்தினார். அதன்பின் பதினோர் ஆண்டு இடைவெளி. 1985-இல் காங்கிரசு சார்பில் மூன்றாம் முறை முதலமைச்சராகி, 1990 வரை பணியாற்றினார். அவ்வாட்சிக் காலத்தில்தான், 1985-இல், நாடாளுமன்றச் சட்டத்தின்வழிப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. காரைக்கால் கல்லூரிகளின் மாணவர் பட்டம் பெறுவதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தை நோக்கியிருந்த நிலை அதன்பின் மாறியது.

1991, 1996, 1999 ஆகிய ஆண்டுகளில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இவர், 1991-இல் அமைந்த நடுவண் அரசில் விமானப் போக்குவரத்து, சுற்றுலாத் துறைகளின் இணையமைச்சராக விளங்கினார். 2004 முதல் சவூதி அரேபியாவுக்கான இந்தியத் தூதராகப் பணியாற்றினார். இலட்சக்கணக்கான இந்தியத் தொழிலாளர் வாழும் நாடு அது. நம் பகுதியினர் பலரும் அங்கு உழைத்து வருகின்றனர். பின்னர் 2010-இல் சார்க்கண்டு ஆளுநராகவும், 2011-இல் கேரள ஆளுநராகவும் அமர்த்தப்பெற்றார். 2012 சனவரி 26, குடியரசு நாளன்று, ஆளுநர் பொறுப்பில் இருந்தபோதே மறைந்தார்.

சட்டமன்றத் தலைவர், முதலமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர், இணையமைச்சர், தூதர், ஆளுநர் என்று வரிசைப்படுத்தினால் ஏறுமுகமான ஏணி போலத் தோன்றும். இடைவெளிகளையும் சேர்த்து நோக்கினால் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வந்தமை விளங்கும். சிறிய யூனியன் பிரதேசத்தில் முப்பது உறுப்பினர் கொண்ட அவையில் ஓரிருவர் அணி மாறினாலும் ஆட்சி கவிழும். காரைக்காலைச் சேர்ந்த மற்றொரு முதலமைச்சரான எஸ். இராமசாமி 1974 மார்ச்சில் அமைத்த அமைச்சரவை அம்மாதத்திலேயே வீழ்ந்ததும், 1977-இல் அவர் மீண்டும் அமைத்த அமைச்சரவை அடுத்த ஆண்டு நவம்பரில் முடிவுற்றதும் இதனையே காட்டுகின்றன. தேர்தல் வழியை மேற்கொள்வோர், பதவியில்லாத ஆண்டுகளிலும் மக்களோடு இருக்கப் பழக வேண்டும்.

நீதிமன்ற வழியே: மு.மு. இஸ்மாயீல்

காரைக்காலுக்குத் தெற்கே எல்லையைக் கடந்தவுடன் உள்ளது நாகூர். அவ்வூரில் 1921 பிப்ரவரி 8-இல் பிறந்தவர் நீதியரசர் மு.மு. இஸ்மாயீல். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், கல்வி ஒன்றையே துணையாகக் கொண்டு முன்னேறினார். முதலில் கல்லூரி ஆசிரியராகப் பணிபுரிந்து, பிறகு வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். அரசு வழக்கறிஞராகவும் பணியாற்றியபின், 1967-இல் தில்லி உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டு, அவ்வாண்டே சென்னை உயர்நீதிமன்றத்திற்கு மாறினார்.

நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தோர் துன்புறுத்தப்பட்டமை குறித்து விசாரிக்க அமைந்த ஆணையம் இவர் பெயராலேயே வழங்குகிறது. சிறைக்காவலில் இருந்தோர் தாக்கப்பட்டதை அவ்வாணையத்தின் அறிக்கை பதிவு செய்தது. ஆட்சியாளர் யாராயினும், பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்ததை வெளிக்கொணர்தல் நீதிபதியின் கடன் என்பதற்கு அவ்வறிக்கை சான்றாகும்.

1979 நவம்பரில் இவர் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். 1980 அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் 4 வரை தமிழகத்தின் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார். 1981 சனவரியில் இவரைக் கேரள உயர்நீதிமன்றத்திற்கும், பாட்னா தலைமை நீதிபதியைச் சென்னைக்கும் மாற்றும் ஆணை பிறந்தது. ஒப்புதலின்றி நீதிபதியை இடமாற்றலாமா என்பது நாடு முழுவதும் பேசப்பட்ட வழக்காயிற்று. 'நீதிபதிகள் இடமாற்ற வழக்கு' எனப்படும் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் இஸ்மாயீல் தம் பொருட்டு எவரும் வழக்காடுவதை விரும்பவில்லை. தீர்ப்பு வருமுன்பே பதவியைத் துறந்து விலகினார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். ஒரு மாநிலத்தின் உயர்ந்த நீதிப்பதவியை விட்டு நீங்கிய ஒருவருக்கு அடுத்து என்ன இருக்கும்? இஸ்மாயீலுக்குக் கம்பன் இருந்தான். நீதிபதியாக இருந்த காலத்திலேயே சென்னைக் கம்பன் கழகத்தின் தலைமையை ஏற்று, கம்பராமாயணம் முழுவதும் ஒரே தொகுதியாக வெளிவரத் துணைநின்றவர் அவர். வாலி வதை போன்ற சிக்கலான இடங்களை வழக்கின் இருதரப்பையும் கேட்கும் நீதிபதியின் நோக்கில் ஆராய்ந்து எழுதினார். பதவி நீங்கியபின் 2005-இல் மறையும்வரை அத்தமிழ்ப் பணி தொடர்ந்தது. சட்டம் பயின்ற அறிவு இலக்கியத்துக்கு உதவியது. இலக்கியம் பயின்ற உள்ளம் பதவியிழப்பைத் தாங்கியது. இன்று பலர் அவரைத் தலைமை நீதிபதியாக அறிவதைக் காட்டிலும் கம்பன் அறிஞராகவே அறிவர் என்பது கருதத்தக்கது.

படிப்படியாக ஏறியவர்: பாத்திமா பீவி

முன்னர்க் கூறிய இருவரும் நம் கடற்கரையினர். பெண்மக்களுக்கு எடுத்துக்காட்டாக அண்டை மாநிலமாகிய கேரளத்தில் பிறந்து, தமிழகத்தில் ஆளுநராகப் பணியாற்றிய நீதியரசர் எம். பாத்திமா பீவியின் பாதையையும் காண்போம். பத்தனம்திட்டையில் 1927-இல் பிறந்த இவர் வேதியியலில் பட்டம் பெற்றவர். தந்தையார் மீரா சாகிபு, அந்நாளில் நீதித்துறையில் விளங்கிய அன்னா சாண்டியை எடுத்துக்காட்டி, மகளைச் சட்டம் பயிலத் தூண்டினார். 1950 நவம்பரில் இவர் வழக்கறிஞராகப் பதிவு செய்தார்.

1958-இல் முன்சீப், 1968-இல் சார்பு நீதிபதி, 1972-இல் தலைமைக் குற்றவியல் நடுவர், 1974-இல் மாவட்ட நீதிபதி, 1980-இல் வருமான வரித் தீர்ப்பாய உறுப்பினர், 1983-இல் உயர்நீதிமன்ற நீதிபதி, 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதி என ஒரு படியையும் தாவாமல் ஏறினார். இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதற்பெண் நீதிபதி இவரே. கீழமை நீதிமன்றத்தின் முதற்படியிலிருந்து அங்குச் செல்ல முப்பத்தோர் ஆண்டுகள் ஆயின.

1997 முதல் தமிழக ஆளுநராக இருந்த இவர், 2001 தேர்தலுக்குப்பின் செயலலிதாவை ஆட்சியமைக்க அழைத்த முடிவு பெரும் விவாதத்திற்கு உள்ளானது. அதனைத் தொடர்ந்து சூலையில் பதவி விலகினார். அந்நியமனம் செல்லாது என்று அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதித்துறையில் புகழ்பெற்றவரும் அரசியல் சார்ந்த பொறுப்பில் கடுஞ்சோதனைக்கு உள்ளாக நேரும் என்பதனையும் மறைக்காமல் கூறுதல் நேர்மையாகும். 2023 நவம்பரில் இவர் மறைந்தபோது, நாடு முதற்கண் நினைவுகூர்ந்தது 1989-இல் இவர் திறந்த கதவையே.

கடல்கடந்த ஓர் ஒப்புமை

இத்தகைய பாதைகள் அயலாட்சியிலிருந்து விடுபட்ட பிற நாடுகளிலும் உண்டு. ஆப்பிரிக்காவின் நைசீரியா நாட்டைச் சேர்ந்த தஸ்லிம் ஒலாவாலே எலியாஸ் இலண்டனில் சட்டம் பயின்று 1949-இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1956-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்து, அங்கு ஆப்பிரிக்க ஆய்வுத்துறை அமையத் துணைநின்றார் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. 1960-இல் தம் நாடு விடுதலை பெற்றபோது அதன் தலைமை வழக்கறிஞராகவும் சட்ட அமைச்சராகவும் ஆனார். பின்னர் இலாகோசு பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் விளங்கினார். 1972-இல் நாட்டின் தலைமை நீதிபதியானார். 1975-இல் ஆட்சிக் கவிழ்ப்பை நடத்திய இராணுவத்தினர் அவரைப் பதவி நீக்கினர். அவ்வாண்டே அவர் பன்னாட்டு நீதிமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1982 முதல் 1985 வரை அதன் தலைவராகவும் இருந்தார். தம் நாட்டில் இழந்த இருக்கைக்கு ஈடாக உலக மன்றத்தில் இருக்கை கிடைத்தமைக்கு, அவர் எழுதிய சட்ட நூல்களும் கற்பித்த ஆண்டுகளுமே அடித்தளமாயின.

இப்பாதைகள் உணர்த்துவன

மேற்கண்ட வாழ்க்கைகளை ஒப்புநோக்குங்கால் சில உண்மைகள் புலனாகின்றன.

ஒன்று: பதவி நிலையற்றது. பாரூக் இருமுறை ஆட்சி இழந்து மீண்டார், இஸ்மாயீல் தாமே விலகினார், எலியாஸ் நீக்கப்பட்டார். எனவே பதவியை மட்டுமே இலக்காகக் கொள்வோர், அது நீங்கும் நாளில் வெறுமையுறுவர்.

இரண்டு: கற்ற கல்வி நிலைத்தது. இஸ்மாயீலும் எலியாசும் ஆசிரியராக இருந்தவர்கள். பதவி போனபின்னும் அவர்களிடம் ஒரு பணி எஞ்சியிருந்தது.

மூன்று: கல்வி நிலையங்களை உருவாக்குதலும் பொதுப்பணியே. நீதிபதி பஷீர் அகமது சயீது சென்னையில் 1955-இல் தோன்றச் செய்த பெண்கள் கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் வழங்கிய தீர்ப்புகளை அறிந்தோர் சிலராயினும், அக்கல்லூரியில் பயின்ற பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருகியுள்ளனர். திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951-இலும், அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955-இலும் தோன்றின. வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு வழங்கிய பெருமக்களால் தழைத்த இத்தகைய நிலையங்கள், எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளுக்கும் பொதுப்பணியின் முதற்படியாக விளங்கி வருகின்றன.

இன்றைய மாணவர் மேற்கொள்ளத்தக்க வழிகள்

இனி, நம் மாணவச் செல்வங்கள் அறிய வேண்டிய நடைமுறைகளைச் சுருங்கக் கூறுவோம்.

சட்டம் பயில விழைவோர் மேனிலைப் பள்ளிக் கல்விக்குப்பின் ஐந்தாண்டுப் படிப்பிலோ, எந்தப் பட்டம் பெற்றபின்னும் மூன்றாண்டுப் படிப்பிலோ சேரலாம். எனவே தமிழ் இளங்கலை பயின்றோர்க்கும் சட்டக்கல்லூரியின் கதவு திறந்தே உள்ளது. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதுவோர் மூன்றாண்டுகளேனும் வழக்கறிஞராகப் பணிபுரிந்திருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பட்டம் பெற்றவுடன் தேர்வெழுதலாம் என்று இருந்தோர் தம் திட்டத்தை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாண்டுகளில் வருவாய் குறைவாக இருக்கும் என்பதனைக் குடும்பத்தாரும் முன்னரே அறிந்திருத்தல் நலம். உயர்நீதிமன்ற நீதிபதியாவதற்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 217-ஆம் பிரிவு பத்தாண்டு வழக்கறிஞர் பணியையோ, பத்தாண்டு நீதித்துறைப் பணியையோ தகுதியாகக் குறிக்கிறது.

இந்திய ஆட்சிப்பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டமும் 21 வயது நிறைவும் போதும். முதன்மைத் தேர்வின் விடைகளைத் தமிழில் எழுதலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகவும் கொள்ளலாம். சங்கப் பாடலையும் காப்பியத்தையும் மூன்றாண்டுகள் பயின்ற நம் துறை மாணவர்க்கு இது கைவந்த பாடம். பிறர் புதிதாகக் கற்க வேண்டியதை இவர்கள் முன்பே கற்றுள்ளனர். இருப்பினும் மொழித்தாளுக்கும் நாளிதழ்ப் பயிற்சிக்கும் ஆங்கில அறிவு தேவைப்படுவதால், முதலாண்டிலிருந்தே அதற்கென நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும்.

கல்லூரி ஆசிரியராக விழைவோர் முதுகலைக்குப்பின் தேசியத் தகுதித் தேர்வை எழுத வேண்டும். அரசியலில் ஈடுபட விழைவோர்க்குத் தேர்வு ஏதும் இல்லை. சட்டமன்றத்திற்கு 25 வயது நிறைவு போதும். காரைக்கால் மாவட்டத்திற்கு ஐந்து தொகுதிகள் உள்ளன. முப்பது பேர் கொண்ட அவையில் ஐவரின் குரல் எடுபட வேண்டுமெனின், அவர்கள் நிதிநிலை அறிக்கையைப் படிக்கவும் சட்ட முன்வரைவைத் திருத்தவும் அறிந்தவராக இருத்தல் இன்றியமையாதது. தலைநகர் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, நடுவே தமிழக மாவட்டங்கள் அமைந்துள்ள நம் பகுதிக்கு, கற்றறிந்த பிரதிநிதிகளின் தேவை பிற பகுதிகளைவிட மிகுதி.

முடிவுரை

"அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்ற வினாவுக்கு நாம் கண்ட விடை இதுவாகும்: இக்கடற்கரையிலிருந்து ஒருவர் முதலமைச்சராகவும் ஆளுநராகவும் சென்றார், பெற்றோரை இழந்த ஒருவர் தலைமை நீதிபதியாகச் சென்றார், அண்டை மாநிலத்து நங்கை ஒருவர் முன்சீப் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். இஸ்மாயீலும் பாத்திமா பீவியும் புறப்பட்டபோது அங்கே அவர்களுக்கு எவரும் இருந்ததில்லை. கல்வியே துணையாக இருந்தது. இன்று இக்கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியர் ஒவ்வொருவரும், தாம் செல்ல விழையும் வாயில் எது, அதற்குரிய முதற்படி எது என்பதனை இவ்வாண்டே முடிவு செய்து, அதற்கான படிப்பை இன்றே தொடங்குவாராக. அவர்களைத் தொடர்ந்து வருவோர்க்கு, "அங்கே நம்மவர் இருக்கிறார்" என்று சொல்லும் நிலை வர வேண்டும் என்பதே நம் அவா.